குச்சி கேட்டு வாங்கிய பூச்செடி

எண்பதுகளில் தாம்பரம், குரோம்பேட்டை, நங்கநல்லூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோனவர்கள் பூச்செடிக்காகக் கடை தேடிப் போனதாக எனக்கு நினைவில்லை. கிரகப்பிரவேசம் முடிந்து பந்தல் பிரித்த கையோடு பக்கத்து வீட்டிலிருந்து ஒரு செம்பருத்திக் குச்சி வரும். எதிர்வீட்டு மாமி நந்தியாவட்டைக் கிளை ஒன்றை ஒடித்துக் கொடுப்பார். ஊரிலிருந்து வரும் பெரியம்மா, ஈரத்துணியில் சுற்றிய டிசம்பர் பூ நாற்றோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார். அந்திமந்தாரையை யாரும் தர வேண்டியதே இல்லை. மிளகு போல் கறுத்த அதன் விதை தெருவெல்லாம் சிந்திக் கிடக்கும். பிள்ளைகளின் சட்டைப்பையில் ஏறி வந்து வாசலில் தானாக முளைக்கும்.

இரண்டு மழைக்காலம் தாண்டினால் எல்லா வாசலும் ஏறக்குறைய ஒன்றுபோலாகிவிடும். கேட்டுக்கு ஒரு புறம் செம்பருத்தி, மறுபுறம் நந்தியாவட்டை. மதிலோரம் அரளி. கிணற்றடித் தண்ணீர் ஓடிவரும் கால்வாயில் கல்வாழை. பாதி நிழலில் கனகாம்பரம். ஜன்னல் கம்பியைப் பற்றி ஏறும் சங்குப்பூ. வேலியின் காலடியில் நித்தியகல்யாணி. இடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மூலையில் பவழமல்லி. வசதியானவர்கள் காவி பூசிய சிமென்ட் தொட்டிகளில் குரோட்டன்ஸும் ரோஜாவும் வைத்தார்கள். அவற்றுக்கு ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.

இன்று முதன்முதலாக வாசலில் நாலு பூச்செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். அதிகம் மெனக்கெடாமல், வருடக்கணக்கில் நின்று பூக்கிற செடி எது? இந்தக் கேள்விக்கு அந்தப் பழைய தெரு ஏற்கெனவே பதில் கண்டு வைத்திருந்தது என்பது என் கட்சி. அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், இன்று நாம் எந்த இடத்தில் சறுக்குகிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

குச்சி வைப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செம்பருத்தியில் பச்சைத் தளிரும் உதவாது, முற்றிய கட்டையும் உதவாது. பென்சில் கனத்தில், பட்டை பழுப்பேறத் தொடங்கிய கிளையாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுவார்கள். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. இலைகளைக் கிள்ளிவிட்டு நுனியில் ஒன்றிரண்டு மட்டும் விடுவார்கள். வெட்டுப்பட்ட மேல்முனையில் நெல்லிக்காய் அளவு சாணியை உருட்டி அப்புவார்கள். குச்சிக்குள் இருக்கும் ஈரம் அந்த வெட்டு வழியாகக் காய்ந்து போகாமல் இருக்கத்தான் அது. ஆடியில் பெய்த மழையில் மண் பதமாக இருக்கும்போது, இரண்டு கணுவாவது உள்ளே போகும்படி குச்சியைச் சற்றுச் சாய்த்து ஊன்றி, சுற்றிலும் மண்ணைக் காலால் அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. மூன்று நான்கு வாரத்தில் கணுவில் பச்சைப் புள்ளி ஒன்று எட்டிப் பார்க்கும். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

இப்படிக் கைமாறி வந்த குச்சிக்குப் பின்னால் ஒரு பரீட்சை முடிந்திருந்தது. அதே தெருவின் மண்ணில், அதே கிணற்றுத் தண்ணீரில், அதே கத்திரி வெயிலில் பல வருடம் நின்ற செடியின் துண்டு அது. அந்த வெயிலைத் தாங்காத செடி அடுத்த வீட்டுக்குக் குச்சி கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. ஆடு மாடுகளும் இந்தத் தேர்வில் பங்கெடுத்தன. நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். கசப்பும் நஞ்சும் உள்ளவை. பொதுவாக ஆடு அவற்றில் வாய் வைக்காது. வேலி சரியாக அமையாத புது மனைகளில் கடைசியில் எஞ்சி நின்றவை அவைதான்.

அந்தச் செடிகளில் பாதி வெளியூர்க்காரர்கள். நித்தியகல்யாணிக்குத் தாய்மண் மடகாஸ்கர் தீவு. அந்திமந்தாரையும் கல்வாழையும் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை. இட்லிப்பூ என்று பிள்ளைகள் சொல்லும் வெட்சியும், கனகாம்பரமும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானவை. தெரு இந்தப் பூர்வீகம் எதையும் விசாரிக்கவில்லை. இங்கே நிற்க முடிகிறதா என்பதை மட்டும் பார்த்தது. நித்தியகல்யாணி அளவுக்கு அலட்சியமாக நடத்தப்பட்ட பூ வேறு இருக்காது. மயானக் கரையிலும் மண்டிக் கிடந்ததால் சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்துப் பல வீடுகளில் ஒதுக்கினார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் சர்க்கரை நோய்க்கு மருந்து கிடைக்குமா என்று அதன் இலையை ஆராய்ந்தார்கள். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் வின்பிளாஸ்டின் என்ற பொருள் அவர்கள் கையில் கிடைத்தது. அதே செடியிலிருந்து பின்னால் எடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றுவரை முக்கியமான மருந்து. தென் தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் மானாவாரியாக இதைப் பயிரிட்டு இலையும் வேரும் விற்கிறார்கள். வாசலில் ஒரு நித்தியகல்யாணி நின்றால் அதை மரியாதையோடு பாருங்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

பழைய வாசலைப் பற்றி இவ்வளவு பரிவோடு எழுதும்போது சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. அந்தப் பூந்தோட்டங்கள் பெண்களின் உழைப்பில் நின்றவை. கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது வீட்டுப் பெண்களும் வளர்ந்த பெண் பிள்ளைகளும்தான். விடியற்காலையில் பூப்பறித்துத் தொடுத்ததும் அவர்கள்தான். கணவனை இழந்த பெண் அதே செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், சாமிக்குப் பறித்துக் கொடுக்கலாம், தன் தலையில் ஒரு பூ வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்த வீடுகளைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், மெனக்கெடாமல் வளரும் செடி வேண்டும் என்று கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மிக நியாயமான கேள்வி அது.

இனி இன்றைய வாசலுக்கு வருவோம்.

முதலில் மண்ணே இல்லை. கேட்டிலிருந்து படி வரை டைல்ஸ், அல்லது பேவர் பிளாக். கார் நிற்கும் இடம் போக மதிலோரம் இரண்டடி மிஞ்சினால் பெரிது. மிஞ்சிய இடத்திலும் இருப்பது மண் அல்ல, வீடு கட்டியபோது கொட்டி மூடிய செங்கல் துண்டும் சிமென்ட் கலவையும். கிணறு மூடப்பட்டு ஆழ்துளைக் குழாய் வந்துவிட்டது. வாளியில் வெள்ளைப் படிவு விடும் உப்புத் தண்ணீர் பல இடங்களில். அதற்கு மேல், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். உப்பு இன்னும் கூடுதலாகச் சேர்ந்த தண்ணீர் அது.

இந்த மாற்றம் முதலில் தாக்கியது வெட்சியை. பழைய வாசலில் இதைப் போலச் சாதுவான செடி கிடையாது. இன்று பல வீடுகளில் அதன் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்பதைப் பார்க்கலாம். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவார்கள். செடிக்குக் கிடைக்காதது இரும்புச் சத்து. மண்ணில் இரும்பு இருக்கும். சிமென்ட் சுண்ணாம்பும் உப்புத் தண்ணீரும் மண்ணைக் காரமாக்கிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலை நனையத் தெளித்தால் தேறும். நிலையான வழி வேறு. ஓரடி ஆழத்துக்கு அந்தக் கட்டடக் குப்பையைத் தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்ப வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் வெட்சியை விட்டுவிட்டு அரளியோ காகிதப்பூவோ வைப்பது நல்லது. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் புகையையும் வெயிலையும் குடித்துக்கொண்டு அரளி பூத்து நிற்பதை எல்லாரும்தான் பார்க்கிறோம்.

செம்பருத்தியின் கதை வேறு. எண்பதுகளில் புதிதாகச் செடி வைப்பவருக்கு யாரும் முதலில் சொல்வது செம்பருத்தியைத்தான். இன்று நான் அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவேன், மாவுப்பூச்சியால். செம்பருத்தியில் மாவுப்பூச்சி முன்பும் இருந்ததுதான். 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற மெக்சிகோ பக்கத்துப் பூச்சி முதலில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வயல்களில் புகுந்து பெரும் நாசம் செய்தது. தெருவோரச் செம்பருத்திகள் அதற்கு நல்ல தங்குமிடமாயின. நுனி சுருண்டு, மொட்டெல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பி, அந்த வருடங்களில் எத்தனையோ வாசல்களில் செம்பருத்தியை வெட்டியே போட்டார்கள். மருந்தடித்து அதை ஒழிக்க முடியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் மிகச் சிறிய குளவி இனம் ஒன்றைக் கொண்டுவந்து, பெருக்கி, தமிழகம் எங்கும் விட்டார்கள். அதன் பிறகுதான் அந்தப் பூச்சி அடங்கியது. இந்திய வேளாண்மையில் அமைதியாக நடந்த பெரிய வெற்றிகளில் ஒன்று இது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி இன்றும் நம் தெருக்களில் இருக்கிறது. இது தெரியாமல் கடைகளில் விற்கும் கடும் விஷத்தை வாங்கி அடித்தால் முதலில் சாவது குளவிதான்.

அதனால் செம்பருத்தி வைக்கிறவர்கள் வாரம் ஒரு நாள் நுனிக் கிளைகளைப் பார்த்தால் போதும். எறும்பு வரிசையாக ஏறினால் மேலே ஏதோ இருக்கிறது என்று பொருள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மிஞ்சியதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. மோசமாகிவிட்ட கிளையை யோசிக்காமல் வெட்டிவிடலாம். செம்பருத்தி வெட்ட வெட்டத் தழைக்கும்.

அடுத்தது கடை. ஜி.எஸ்.டி. சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் இன்று நர்சரிகள். ஆந்திராவில் ராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியம் வட்டாரத்திலிருந்து லாரி லாரியாகச் செடி வந்து இறங்குகிறது. நல்ல செடிகள்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு அதில் இருக்கிறது, கேட்ட நிறம் கேட்ட நாளில் கிடைக்கிறது. அப்படியும் நர்சரியில் தேர்வு நடக்கும் விதம் தெருவில் நடந்ததற்கு நேர் எதிரானது. வாங்குகிறவர் பார்க்கும் அந்த நேரத்தில் செடியில் பூ இருக்க வேண்டும். விற்பனைக்கு அதுதான் விதி.

இந்த ஒரு விதியால் காணாமல் போன பூக்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்திமந்தாரை மாலை நாலு மணிக்கு மேல்தான் விரியும். விடிந்து வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நர்சரிக்குப் போகிறவருக்கு அது வெறும் பச்சைப் புதர். பவழமல்லி இரவில் பூத்து விடியலில் உதிர்ந்துவிடும். கடைக்காரர் கடை திறக்கும்போது கிளையில் ஒன்றும் இருக்காது. டிசம்பர் பூ மார்கழியை ஒட்டி இரண்டு மூன்று மாதம் மட்டும் பூத்துவிட்டு மீதி நாளெல்லாம் இலையாகவே நிற்கும். இந்த மூன்றும் புதியவர்களுக்கு ஆக எளிய செடிகள். அதிலும் அந்திமந்தாரை போல உறுதியான செடி அரிது. கோடையில் தண்ணீர் இல்லாமல் மேலே முற்றிலும் காய்ந்து போனாலும் கீழே மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். முதல் மழைக்கு மறுபடி கிளம்பும். மாலையில் அதன் வாசனைக்கு நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அந்திப்பூச்சிகள் வருவதைப் பார்க்கவே அதை ஒரு வாசலில் வைக்கலாம். வேலையிலிருந்து மாலையில் வீடு திரும்புகிற இன்றைய ஆட்களுக்கென்றே அமைந்த பூ அது. பகலில் விரிவதில்லை என்ற காரணத்தால் கடைக்கு வராமலே போய்விட்டது.

கடைக்கு வருவது என்ன? பொங்கலை ஒட்டிப் போனால் கண்ணைப் பறிக்கும் பெட்டூனியா, டேலியா, பந்து பந்தாகச் சாமந்தி. புதிதாகச் செடி வைக்க நினைப்பவர்கள் மனம் இளகுவது அந்த மாதத்தில்தான். வெயில் இதமாக இருக்கும், ஊரெல்லாம் பூவாக இருக்கும். அப்போது வாங்கிய பெட்டூனியா சென்னையின் சித்திரை வெயிலைப் பார்க்காது. சாமந்தி அடியில் கன்று விட்டு அடுத்த வருடமும் வரக்கூடிய செடிதான் என்றாலும், கடையில் பூத்து ஓய்ந்த தொட்டிச் சாமந்தியைக் கோடை தாண்டிக் கொண்டுபோவது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். செடி செத்ததும், எனக்குக் கைராசி இல்லை என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நல்ல மனிதர்கள் பலர் இப்படி ஒரே கோடையோடு தோட்டத்தைக் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். குற்றம் அவர்கள் கையில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது. சென்னையில் பூச்செடி நட ஏற்ற காலம் ஆடி தொடங்கி ஐப்பசி வரை. வடகிழக்குப் பருவமழை முழுவதையும் குடித்து வேரை ஆழமாக இறக்கிக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கும். அப்படி வேர் இறங்கிய செடிதான் அக்னி நட்சத்திரத்தில் நிற்கும்.

நர்சரிச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நடக்கும் ஒரு தவறைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கறுப்புப் பையைக் கிழித்தால் உள்ளே வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை. நெடுந்தூரம் லாரியில் வரும்போது உதிராமல் இருக்கவும், ஈரம் தங்கவும் அந்த மண். நாம் தொட்டியில் கொட்டி வைத்திருப்பதோ தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த பொலபொலப்பான கலவை. உருண்டையை அப்படியே அதற்குள் இறக்கிவிட்டால் இரண்டும் ஒன்று சேராது. ஊற்றுகிற தண்ணீர் இளக்கமான கலவை வழியாகச் சுற்றி இறங்கி ஓடிவிடும். நடுவில் களிமண் காய்ந்து கல்லாகும். வேரும் அதை விட்டு வெளியே வராது. மேலே தொட்டால் ஈரம், உள்ளே வறட்சி. இல்லை என்றால் நேர்மாறாக, களிமண் நனைந்து நாள்கணக்கில் ஊறி வேர் அழுகும். பையைப் பிரித்ததும் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் வைத்து, வெளி மண்ணை விரலால் மெதுவாகக் கரைத்து, வேர் நுனி வெளியே தெரியும்படி செய்து நட வேண்டும். வாங்கிய மறுநாளே நடவும் வேண்டாம். ஒரு வாரம் வாசல் நிழலில் பையோடு இருக்கட்டும், ஊர்த் தண்ணீருக்குப் பழகட்டும்.

கடை கொண்டுவந்த புதியவற்றில் நிலைத்துவிட்ட நல்ல செடிகளும் உண்டு. அடினியம் அதில் முதலாவது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளர்வது. அடிமரம் பருத்துத் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். வெயில் காயும் ஒரு தொட்டியில் மணல் கலந்து வைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய் வரலாம். மழைக்காலத்தில் மட்டும் கூரை நீர் சொட்டாத இடத்துக்கு நகர்த்தாவிட்டால் அடி அழுகிவிடும். காகிதப்பூவும் அப்படித்தான், கொஞ்சம் காய விட்டால்தான் நிறையப் பூக்கும். தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும். கையளவு விரியும் கலப்பினச் செம்பருத்திகளை மட்டும் முதல் வருடத்தில் தொட வேண்டாம் என்பேன். பார்வைக்கு ஈடு இணை கிடையாது, ஆனால் அவற்றில் பல வேறு வலுவான வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியவை, நம் ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்தியின் பொறுமை அவற்றுக்கு இல்லை.

எளிதாக வளர்வதால் மட்டும் ஒரு செடியை வைத்துவிடவும் கூடாது. உண்ணிச்செடியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு அழகுச் செடியாகத்தான் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், வருடமெல்லாம் பல நிறத்தில் பூ. தோட்டத்திலிருந்து பறவைகள் அதன் பழத்தைத் தின்று காட்டுக்குக் கொண்டுபோயின. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானைக்கும் மானுக்கும் புல் முளைக்க இடமில்லாமல் மண்டிக் கிடப்பது அதுதான். அதன் தோட்ட ரகங்கள் இன்றும் நர்சரியில் விற்பனைக்கு உள்ளன. தரையை மூடும் செடி என்று விற்கப்படும் மஞ்சள் பூ வெடேலியாவும் இதே வழிதான், ஈரம் கண்ட இடமெல்லாம் பரவும். இவை இரண்டையும் என் வாசலில் வைக்க மாட்டேன். அரளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலை, பூ, காம்பு, வேர் எல்லாமே நஞ்சு. மஞ்சள் அரளியின் விதை அதைவிடக் கொடியது. தவழும் குழந்தை இருக்கும் வீடு நான்கைந்து வருடம் அரளி இல்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

நந்தியாவட்டையைத்தான் நான் முதலிடத்தில் வைக்கிறேன். உப்புத் தண்ணீரை ஓரளவு பொறுக்கும், பாதி நிழலிலும் பூக்கும், சாமிக்கும் ஆகும், இரவில் வாசலுக்கு வெளிச்சம் போல இருக்கும். புதிய குடியிருப்புகளில் இதையே வேலியாக வைத்து மாதம் இருமுறை சமமாக வெட்டிவிடுகிறார்கள். மொட்டு வரும் நுனி எல்லாம் கத்தரிக்குப் போய்விடுவதால் அங்கே பூவே இருப்பதில்லை. வெட்டாமல் விட்டால் ஆளுயரத்துக்குத் தானே உருண்டையாக நிற்கும். அதில் ஒரு நாள் திடீரென்று இலைகள் மொட்டையாகி, தரையில் கறுப்பாக மிளகளவு எச்சம் கிடப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம். விரல் நீளப் பச்சைப் புழு ஒன்று, தலைப்பக்கம் நீலக் கண் போன்ற இரண்டு புள்ளிகளோடு, காம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அரளியிலும் நித்தியகல்யாணியிலும் வாழும் அந்திப்பூச்சியின் புழு அது. நஞ்சுள்ள இந்த இலைகளைத் தின்று வளரத் தெரிந்த சில உயிர்களில் ஒன்று. சில நாளில் கீழே இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். சில வாரத்தில் செடி மறுபடி தழைத்துவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கம்தான். தமிழ்நாட்டில் 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதே வருடங்களில்தான் வாசல் மண்ணை டைல்ஸ் போட்டு மூடும் வழக்கமும் பரவியது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். மதிலோரம் இரண்டடி அகலத்துக்குத் தளத்தைப் பெயர்த்து மண்ணைத் திறந்து விட்டால், பூவுக்குப் பூவும் ஆயிற்று, அந்த அளவு மழையும் கீழே இறங்கும். காய்கறி, அரிசி கழுவிய நீர் எந்தப் பூச்செடிக்கும் ஆகும். துணி துவைத்த நீர் என்றால் கல்வாழைக்கு. பழைய கிணற்றடியில் கல்வாழை செய்த வேலையை இன்று கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் செடிப் படுகைகளில் பொறியாளர்களே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, வெயில் நன்றாக விழும் இரண்டடி மண் உள்ள ஒரு வாசலுக்கு, முதல் வருடத்தில் நான் சொல்வது இவ்வளவுதான்: கேட்டருகே அடுக்கு நந்தியாவட்டை ஒன்று, அதன் காலடியில் நித்தியகல்யாணி நாலைந்து, மாலைக்கு அந்திமந்தாரை ஒரு பிடி விதை. கம்பியோ கிரில்லோ இருந்தால் நீலச் சங்குப்பூ. அது பயறு வகைச் செடி, வேரில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். வெயில் குறைவான பக்கத்துக்குக் கனகாம்பரம். அதில் டெல்லி கனகாம்பரம் என்று விற்கும் ரகம் விதை கட்டாது, குச்சியில்தான் வரும். செம்பருத்தியை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளலாம். வேறு எதையும் வாங்காமல் ஒரு கோடை தாண்டட்டும். நடும் முன்பு காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றுக்கும் மாலை நாலுக்கும் வாசலில் வெயில் எங்கே விழுகிறது என்று இரண்டு மூன்று நாள் பார்த்துவிடுங்கள். எதிர்வீடு மூன்று மாடி ஏறியதும் பழைய வெயில் கணக்கெல்லாம் மாறிவிட்டது.

குச்சி கேட்கும் பழக்கம் இப்போது வேறு வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில், பவழமல்லி விதை இருக்கிறது, வேண்டுபவர்கள் வாட்ச்மேனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று செய்தி வருகிறது. மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் கூடும் இடங்களில் காய்கறி விதையோடு பூச்செடிக் குச்சியும் கைமாறுகிறது. அப்படி வாங்கும்போது நிறத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை வருடச் செடி, போர் தண்ணீரா மெட்ரோ தண்ணீரா, மேற்கு வெயிலா கிழக்கு வெயிலா, போன கோடையில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் வரும் அதே தண்ணீரில் ஐந்து வருடமாக நிற்கிறது என்று சொன்னால் இரண்டு குச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று பட்டுப்போனாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.